பல்லும் புள்ளியும்

காஜிமார் தெரு,
மதுரை.

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

துபாயில் கடைப் பலகைகளை வாசிக்க அரபு எழுத்து படிக்கப் போவதாகச் சொன்னாய். அத்தாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அட்டையில் உள்ள 28 எழுத்தையும் வரிசையாக உருப்போடாதே. அட்டையில் தனித்தனியாக நிற்பவை, பலகையில் ஒன்றோடொன்று சேர்ந்து உருமாறிவிடும். அலிஃப், பே, தே என்று கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளை பலகையைப் பார்த்து முழிப்பது அதனால்தான்.

முதல் வாரம் ஒரே ஒரு சின்னப் பல்லை, அதாவது கோட்டின் மேல் பல் போல எழும் சிறு முனையை, எடுத்துக்கொள். பே, தே, ஸே, நூன், யே ஐந்துக்கும் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் அதே பல்தான். நுக்தா என்கிற புள்ளிதான் ஆளைக் காட்டும்: கீழே ஒன்று பே, இரண்டு யே, மேலே ஒன்று நூன், இரண்டு தே, மூன்று ஸே. பெப்சி பலகையை வலமிருந்து பார். கீழே ஒரு புள்ளி, இரண்டு, மறுபடி ஒன்று, பிறகு புள்ளியே இல்லாத மூன்று பல், அது ஸீன், கடைசியில் யே. அரபியில் 'பழம்' என்பதில் வரும் ப கிடையாது. 'அன்பு' என்பதில் வரும் ஒலியுள்ள பே-யைத்தான் அதற்கும் போடுவார்கள்.

இடப்பக்கம் சேராத எழுத்து ஆறு: அலிஃப், தால், அதற்கு மேல் புள்ளி வைத்த ஃதால், ரே, ஜே, வாவ். இவற்றுக்குப் பின் விழும் இடைவெளியைப் பார்த்து சொல் முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதே. 'துபாய்' என்பதில் தால் தனியே நிற்கும், பே-யும் யே-யும் சேர்ந்திருக்கும். அவ்வளவுதான் எழுத்து. குர்ஆன் ஓதும்போது பார்த்த ஜபர், ஜேர், பேஷ் என்கிற குறில் குறிகள் எதுவும் பலகையில் இருக்காது. அரபுச் சொல்லில் குறிலை எழுதமாட்டார்கள், நெடிலுக்கு மட்டும் அலிஃப், வாவ், யே வரும். குறில் நெடில் பிரித்துக் கேட்கும் காது உனக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய பலம்.

தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்துப் படிக்கவே படிக்காதே. ஸே, ஸீன், ஸாத் மூன்றும் ஒரே 'ஸ' ஆகிவிடும், பிறகு பிரிப்பது கஷ்டம்.

எண்கள் மட்டும் இடமிருந்து வலம். வெறும் புள்ளி சைபர், வட்டம் 5, நம் 7 போல இருப்பது 6. விலைச் சீட்டில் கவனம்.

கையெழுத்தில் இரண்டு புள்ளியைச் சின்னக் கோடாக இழுத்துவிடுவார்கள், ஸீனின் பல்லும் காணாமல் போகும். அதை இப்போது தொடாதே, அச்செழுத்து பழகட்டும். தினம் ஒரு பலகையைப் பார்த்து எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. புள்ளி பிசகிய இடத்தைச் சுழித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அத்தா