கடனை உதவி என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் நடுத்தர வருமானக் குடும்பங்கள் நிதியுதவிக்காகப் படும் பாட்டைப் பற்றி, அத்தகைய குடும்பம் ஒன்றின் தாய் என்ற முறையில் எழுதுகிறேன். டாலரில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இதுவும் ஒரு கவலையா என்று ஊரில் உள்ள உறவினர்கள் கேட்கிறார்கள். இங்கே பல தனியார் கல்லூரிகளில் படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் சேர்ந்த ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது என்பதையும், அந்தச் செலவு நான்கு ஆண்டுகளுக்குத் தொடரும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வருமானம் மிகக் குறைந்த குடும்பத்து மாணவருக்கு, 2025-26 கல்வியாண்டில் திருப்பிக் கட்டத் தேவையில்லாத மத்திய அரசின் பெல் மானியம் அதிகபட்சம் 7,395 டாலர் வரை கிடைக்கும். வசதி படைத்தவர்கள் முழுக் கட்டணத்தையும் கட்டிவிடுகிறார்கள். இடையில் இருப்பவர்களின் நிலையை முடிவுசெய்வது நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா என்னும் மத்திய அரசுப் படிவம். பல தனியார் கல்லூரிகள் அதற்கும் மேலே சிஎஸ்எஸ் புரொஃபைல் என்னும் படிவத்தையும் கேட்டு, குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக்கூடக் கணக்கில் சேர்க்கின்றன. 2026 இலையுதிர் காலத்தில் சேரும் மாணவருக்கு 2024ஆம் ஆண்டின் வருமானமே அடிப்படை. இடையில் தந்தைக்கு வேலை போயிருந்தாலும் படிவத்துக்கு அது தெரியாது. தமிழகத்தில் தனியே வாழும் பெற்றோரின் மருத்துவத்துக்காக மாதந்தோறும் அனுப்பும் பணத்துக்கும் அந்த மத்திய அரசுச் சூத்திரத்தில் இடமில்லை.

2020இல் நிறைவேறிய ஃபாஃப்சா எளிமைப்படுத்தல் சட்டம் படிவத்தைச் சுருக்கியது உண்மைதான். ஆனால் ஒரே நேரத்தில் இரு பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் பெற்றோரால் கட்ட முடியும் என்று அரசு கணக்கிடும் பங்கை இரண்டாகப் பிரிக்கும் வழக்கத்தை அது 2024-25 முதல் நீக்கிவிட்டது. முன்பு பெற்றோரின் பங்கு 40,000 டாலர் என்று கணக்கிடப்பட்டிருந்தால் பிள்ளைக்கு 20,000 என்று ஆகியிருக்கும்; இன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் 40,000. சில தனியார் கல்லூரிகள் தங்கள் சொந்த நிதியிலிருந்து தரும் உதவிக்கு உடன்பிறந்தோரை இன்னமும் கணக்கில் கொள்கின்றன என்றாலும், அது அந்தக் கல்லூரியின் விருப்பமே தவிர மாணவரின் உரிமை அல்ல.

இவை எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது கல்லூரிகள் அனுப்பும் நிதியுதவிக் கடிதம். என் மூத்த மகளுக்கு வந்த கடிதத்தில் கல்லூரி தரும் உதவித்தொகை, அவள் பெயரில் வாங்க வேண்டிய 5,500 டாலர் அரசுக் கடன், நாங்கள் வாங்க வேண்டிய பெற்றோர் கடன் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் மொத்த உதவி என்று ஒரே தொகையாகக் கூட்டியிருந்தார்கள். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய பணத்தை எந்த நியாயத்தில் உதவி என்கிறார்கள்? இது ஒரு கல்லூரியின் வழக்கம் மட்டுமன்று. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 91 சதவீதக் கல்லூரிகள் மாணவர் உண்மையில் கட்ட வேண்டிய நிகரத் தொகையைக் கடிதத்தில் தருவதில்லை அல்லது குறைத்துக் காட்டுகின்றன என்று கூறியது. எல்லாக் கல்லூரிகளும் ஒரே வடிவில், கடனைத் தனியாகப் பிரித்துக் கடிதம் அனுப்பச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2025-26 முதல், ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலர் வரை உள்ள, வழக்கமான அளவு சொத்துடைய குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அங்கே இடம் பெறுபவர்கள் மிகச் சிலர். இப்படிச் சலுகை தர ஹார்வர்டிடம் இருப்பது போன்ற பெரிய அறக்கொடை நிதி பெரும்பாலான தனியார் கல்லூரிகளிடம் இல்லை. மற்றவர்களுக்கோ நெருக்கடி கூடுகிறது. 2026 ஜூலை முதல், புதிதாக அரசின் பெற்றோர் கடன் வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வருகிறது. அளவற்ற கடனுக்குத் தடை தேவைதான். ஆனால் கட்டணம் குறையாதவரை மீதிக்குத் தனியார் கடன் நிறுவனங்களைத்தான் பலர் நாடுவார்கள்.

வருமானம் குறைந்தாலோ பெரிய மருத்துவச் செலவு வந்தாலோ, ஆவணங்களோடு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு முறையீடு செய்யலாம். சூழ்நிலையைப் பார்த்துக் கணக்கை மாற்றும் அதிகாரம் அந்த அலுவலர்களுக்குச் சட்டப்படி உண்டு. எல்லா முறையீடுகளையும் ஒட்டுமொத்தமாக மறுப்பதைக் கொள்கையாக வைத்துக்கொள்ள அதே 2020ஆம் ஆண்டுச் சட்டம் கல்லூரிகளுக்கு இடம் தரவில்லை. நம்மவர்கள் பலர் கூச்சத்தால் இதைக் கேட்பதே இல்லை. தயவுசெய்து கேளுங்கள். கடிதத்தில் உள்ள கடன் தொகைகளை முதலில் கழித்துவிட்டு, மீதமுள்ள உதவி எவ்வளவு என்று பார்த்த பிறகே சேர்க்கைக்கான முன்பணம் கட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நியூ ஜெர்சி.