நன்றி நவிலல்: ஊதாப் படிவத்தைப் படித்தவர்களுக்கும்

அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைகள் நேற்று நிறைவெய்தின. நேரில் வந்தும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்னவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், எட்டுச் செலவு வரை முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த கொவென்ட்ரி உறவுகளுக்கும் எங்கள் நன்றி. இப்படியான மடல்களில் வழக்கமாக இடம்பெறாத சிலருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் குடும்ப வைத்தியர். இதயம் பலவீனமாகி அம்மா ஆஸ்பத்திரியால் வந்த பிறகு, 'ரெஸ்பெக்ட்' என்ற ஊதா நிறப் படிவத்தோடு வீடு தேடி வந்தார். பேச முடியாத அவசரத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே பதிந்துவைக்கும் தாள் அது. நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன்; சம்மதிக்கவில்லை. தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து அம்மாவிடமே கேட்டார். எங்கள் வீடுகளில் தாய் தகப்பனுக்கும் சேர்த்துப் பிள்ளைதானே பதில் சொல்வது! எது முக்கியம் என்றதற்கு, "விடிய எழும்பிச் சாமிக்கு விளக்கு வைக்கவேணும்" என்றார் அம்மா. எதற்குப் பயம்? "குழாயும் மெஷினுமாய்க் கிடக்கிறதுக்கு." இரண்டும் அப்படியே பதிவாயின. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தவேண்டாம், தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டாம். ஆனால் சளிக்காய்ச்சலுக்கு மருந்து, மூச்சு முட்டினால் ஒக்சிசன், எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. "அப்ப ஒண்டும் செய்யாம விடப்போறியளோ?" என்று ரொறன்ரோவிலிருந்து கொதித்த தம்பிக்கு இந்த வரிகளைப் பொறுமையாக வாசித்துக் காட்டியவரும் இந்த வைத்தியர்தான்.

லயன்ஸ் கழகத்தாரே, அவசரத்தில் வருகிறவர்களுக்கான விபரத்துண்டைப் போட்டு பிரிட்ஜுக்குள் வைக்கும் சின்னப் போத்தலை இலவசமாகத் தந்தீர்கள். அதோடு வந்த ஸ்டிக்கரை வாசற்கதவின் உட்புறம் ஒட்டியபோது, சைவ வீட்டில் சிலுவைக் குறியா என்று சித்தி முகம் சுளித்தார். பிறகு அவரே வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி விளக்கினார்.

கடைசி இரவு அக்கா 999ஐ அழைக்க, வந்த இரண்டு அம்புலன்ஸ் பணியாளர்களின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஸ்டிக்கரைக் கண்டு, போத்தலில் இருந்த துண்டைப் பார்த்து, கட்டிலருகே ஃபைலுக்குள் இருந்த படிவத்தை எடுத்தீர்கள். அம்மாவின் பக்கத்தில் முழந்தாளிட்டு இரண்டு பக்கமும் படித்தீர்கள். அந்தப் படிவம் ஒரு வழிகாட்டிதான், சட்டக் கட்டளை இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் நாங்கள் குறை சொல்லியிருக்க மாட்டோம். நீங்களோ இரவு வைத்தியருடன் பேசிவிட்டு, தாதி வரும்வரை கூடவே இருந்தீர்கள். முன்பே வீட்டில் வைத்திருந்த மருந்துப் பெட்டியிலிருந்து தாதி மோர்பின் ஏற்ற, மூச்சுத் திணறல் தணிந்தது. சித்தி தேவாரம் படிக்க, அம்மா தன் கட்டிலிலேயே போனார்.

மிஞ்சிய மருந்தைத் திருப்பி எடுத்த பார்மசிக்காரருக்கும், இரவல் கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோனவர்களுக்கும் நன்றி. செத்தவீட்டில் இந்தப் படிவத்தைப் பற்றிப் பலர் விசாரித்தீர்கள். உங்கள் குடும்ப வைத்தியரிடம் (ஜிபி) கேளுங்கள். லண்டனில் இருப்பவர்கள், இப்படியான விருப்பங்களை அங்கே கணினியில் பதியும் 'யுனிவர்சல் கெயார் பிளான்' பற்றிக் கேட்கலாம்.

இங்ஙனம்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்