அந்தப் படத்தில் இல்லாதவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 16 வந்தால், 1971இல் டாக்கா ரேஸ்கோர்ஸ் திடலில் பாகிஸ்தானின் லெப்டினன்ட் ஜெனரல் நியாஸி சரணாகதி ஆவணத்தில் கையெழுத்திடும் புகைப்படம் நாளிதழ்களில் தவறாமல் வந்துவிடுகிறது. நியாஸிக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் இந்தியத் தரைப்படையின் கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜகஜித் சிங் அரோரா. தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷா அதில் இல்லை. அந்தப் பெருமை களத்தை நடத்திய தளபதிக்கே உரியது என்று கருதி அவர் டாக்காவுக்குப் போகவில்லை என்பார்கள்.

1942இல் பர்மாவின் சிட்டாங் ஆற்றருகே ஜப்பானியரின் குண்டுகளை உடலில் தாங்கி அவர் பிழைத்ததையும், அவருடைய நகைச்சுவைத் துணுக்குகளையுமே நாம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம். (துணுக்குகளில் எத்தனை அவர் சொன்னவை என்பது வேறு கதை.) எனக்குப் பெரிதாகப் படுவதோ, 1971 ஏப்ரலில் அவர் சொன்ன ‘இப்போது முடியாது’ என்ற பதில்தான். கிழக்கு வங்கத்திலிருந்து (இன்றைய வங்கதேசம்) அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டிக்கொண்டிருந்த வேளையில், படையை உடனே அனுப்ப இயலுமா என்று பிரதமர் இந்திரா காந்தி அமைச்சரவைக் கூட்டத்தில் கேட்டார். பருவமழை தொடங்கினால் அங்குள்ள ஆறுகள் கடலாகிவிடும், பனி உருகி இமயக் கணவாய்கள் திறந்தால் சீனா குறுக்கிடக்கூடும், அறுவடைக் காலமாதலால் தானியம் ஏற்ற வேண்டிய ரயில் பெட்டிகள் படைக்குக் கிடைக்கமாட்டா, டாங்கிப் படையும் ஆயத்தமாக இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, பதவி விலகவும் தயாராக இருந்ததாக மானெக்‌ஷாவே பிற்காலத்தில் மேடைகளில் விவரித்திருக்கிறார். கணவாய்களைப் பனி மூடிய டிசம்பரில் தொடங்கிய போர் 13 நாளில் முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், வெலிங்டன் ராணுவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதே, மனதில் பட்டதைப் பேசும் வழக்கத்தால் விசாரணையைச் சந்தித்துக் குற்றமற்றவர் என மீண்டவர் அவர். தரைப்படையின் மிக உயர்ந்த பதவியான பீல்டு மார்ஷல் நிலையை எட்டிய முதல் இந்தியராக 1973இல் பணியை விட்ட பின் குன்னூரிலேயே குடியேறினார். பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பது கிடையாது, ஆயுள் முழுதும் முழுச் சம்பளம் உண்டு; ஆயினும் ஒரு கோடி ரூபாயைத் தாண்டிய நிலுவை அவருக்கு வந்து சேர்ந்தது, அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்த 2007ஆம் ஆண்டில்தான். மறு ஆண்டு ஜூன் 27ஆம் நாள், 94 வயதில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமாகி, உதகை பார்சி மயானத்தில் மனைவியின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். பாதுகாப்பு அமைச்சரோ முப்படைத் தளபதிகளோ அன்று வரவில்லை. அவருக்குச் சிலையும் அவர் பெயரில் பாலமும் பிறகு வந்தன.

வரும் டிசம்பர் 16 அன்று அந்தப் படத்தை வெளியிடும்போது, அதன் கீழே ஏப்ரல் மாதக் கூட்டத்தைப் பற்றியும் இரண்டு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குன்னூர்.