பத்திரிகைப் படமும் சித்திர மாணவரும்

ஆசிரியர் அவர்கட்கு,

பத்திரிகையில் வெளிவந்த படத்தைப் பார்த்து வரைவது ஓவியமாகாது, அது வெறும் பிரதி என்ற எண்ணம் வன்னியின் சித்திரப் போட்டிகளில் இன்னமும் வலுவாக இருக்கின்றது. ஜேர்மனிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் படைப்புகளைப் பார்த்தவர்கள் அவ்வாறு எளிதிற் கூறமாட்டார்கள்.

1932 இல் டிரெஸ்டன் நகரில் பிறந்து, 1961 இல் கிழக்கு ஜேர்மனியை விட்டு மேற்கே சென்ற அவர், பத்திரிகைத் துணுக்குகளையும் விளம்பரங்களையும் குடும்பப் படங்களையும் சேர்த்து வைத்து, அவற்றைப் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் பெரிதாக வரைந்து, வர்ணம் காயுமுன்பே உலர்ந்த தூரிகையால் மெல்ல இழுத்து உருவங்களை மங்கச் செய்தார். துணி உலர்த்தும் மடக்குச் சட்டத்தின் விளம்பரமும் அவருக்கு ஓவியப் பொருளாயிற்று. ஹிட்லரின் படைச் சீருடையில் சிரித்தபடி நிற்கும் தாய்மாமனும் ஓவியமானார். 1965 இல் வரையப்பட்ட அந்த மாமனின் ஓவியம், ஹிட்லரின் நாசி ஆட்சியினர் 1942 இல் அழித்தொழித்த லிடிசே என்னும் செக் கிராமத்தின் ஓவியச் சேகரிப்பில் இருக்கின்றது. அதே ஆண்டில் அவர் வரைந்த சித்தி மரியான், மனநோயாளி எனப்பட்டு அந்த ஆட்சியின் கொலைத் திட்டத்துக்கே பலியானவர். கொன்றவர்களின் படையில் இருந்தவரும் கொல்லப்பட்டவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை, எவரையும் குற்றக்கூண்டில் ஏற்றாமலும் எவரையும் விடுவிக்காமலும் காட்டியதே அவரது பெருமை என்பது எனது கருத்து.

எங்கள் பிள்ளைகளோ நெற்கதிரையும் மாட்டுவண்டியையும் வரைந்துதான் பரிசு பெறுகின்றார்கள். (லான்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரம் ஓடாத வயல் இப்போது எங்கே இருக்கின்றது?) தம் குடும்பம் கடந்து வந்த காலத்தை வரைய விரும்பும் பிள்ளைக்கு, ரிக்டருக்குக் கிடைத்தது போன்ற குடும்ப அல்பம் கிடையாது. போரினால் 2009 வரை தொடர்ந்த இடப்பெயர்வுகளில் அவை வீட்டோடு போயின, அல்லது தறப்பாளுக்குள் நனைந்து அழிந்தன. பல வீடுகளில் எஞ்சியிருப்பது, அடையாள அட்டையிலிருந்து ஸ்டூடியோவில் பெருப்பித்து எடுத்த ஒரு முகம் மட்டுமே. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தொடங்கிய, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது போராட்டத்தில் தாய்மார் ஏந்தி நிற்பவற்றிலும் அத்தகைய முகங்கள் உண்டு. அந்த முகங்களைச் சூழ்ந்திருந்த தெருவும் சந்தையும் கிணற்றடியும் பத்திரிகைகளின் பழைய கோப்புகளிலேயே தேடப்பட வேண்டியவையாகிவிட்டன.

ஆகவே, தங்கள் சேகரிப்பிலுள்ள வன்னிப் படங்களை, எடுக்கப்பட்ட திகதி, இடம், படப்பிடிப்பாளரின் பெயர் ஆகியவற்றுடன், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பொது நூலகங்களில் சித்திர மாணவர்கள் பார்வையிட வழிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். காயமுற்றோரினதும் இறந்தோரினதும் படங்களை மட்டும், அவர்களது உறவினரின் சம்மதம் பெறப்படும் வரை, தனியே வைத்திருப்பது முறையாகும்.

இங்ஙனம்,
சித்திர ஆசிரியர் ஒருவர்,
பரந்தன்.