கேமரா மட்டும் போதாதுங்க

ஆசிரியருக்கு வணக்கம். சென்னையில 'மூன்றாவது கண்'ணுன்னு தெருத்தெருவா கேமரா வச்சாங்க, செயின் பறிச்சவனப் பிடிக்க ரொம்ப உதவுச்சு, மறுக்கல. ஆனா கேமரா நடந்தப்புறம்தான காட்டும்? தடுக்கணும்னா போலீஸோட ராத்திரி பீட், அதான் ரோந்து, ஒழுங்கா நடக்கணும். எங்க தெரு முக்குல பட்டா புக் (ரோந்து வந்ததுக்கு போலீஸ் கையெழுத்து போடுற நோட்டு) தொங்குது, வர்ற போலீஸ்காரங்க பைக் இன்ஜின்கூட ஆஃப் பண்ணாம கையெழுத்து போட்டுட்டு கிளம்பிடுறாங்க, வாட்ச்மேன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினாலே பூட்டுன வீடு எது புதுசா சுத்துறது யாருன்னு சொல்லிடுவாரு. 1993-ல ராமநாதபுரத்துல போலீஸ் அதிகாரி பிரதீப் பிலிப் ஆரம்பிச்ச ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ், அதாவது ஜனங்க வாலண்டியரா போலீசுக்கு உதவுற அமைப்பு, இந்த நெனப்புலதான் வந்துச்சு. சாத்தான்குளம் ஸ்டேஷன்ல அப்பாவையும் மகனையும் அடிச்ச கொடுமையில அந்த வாலண்டியர்களும் இருந்தாங்கன்னு புகார் வந்தப்புறம், 2020-ல அதுக்குத் தடை போட்டாங்க, சரிதான், லத்தி பிடிக்கிற வேலைக்கு வாலண்டியர் எதுக்கு. அதுக்காக ஜனங்களோட பேசுறதையே விட்டுடலாமா? ஏரியாவுக்கு ஒரே போலீஸ்காரர வருஷம் முழுக்க போடுங்க, அவரோட ஸ்டேஷன் நம்பர ரேஷன் கடை வாசல்ல எழுதி வைங்க.

— ஒரு வாசகி, சென்னை