வாசலுக்கு வெளியே நடக்க வழி உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வீடு-மனை இணைப்பில், நடக்க வசதியான வீடு வேண்டுபவர்கள் பழைய சென்னையின் நெரிசலை விட்டுவிட்டு, வளாகத்துக்குள்ளேயே நடைப்பயிற்சிப் பாதை உள்ள புறநகர்க் குடியிருப்புகளைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். பல வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர் பக்கம் அப்படி ஒரு வளாகத்தில்தான் இருக்கிறாள். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே மாதக்கணக்கில் தங்கியிருக்கிறேன். உள்ளே எல்லாம் அழகுதான். டைல்ஸ் போட்ட பாதை, இரண்டு பக்கமும் செடி, உட்கார பெஞ்ச். ஆனால் பிரஷர் மாத்திரை வாங்க கேட்டைத் தாண்டித்தானே போக வேண்டும்? தாண்டினால் மழைநீர்க் கால்வாயின் மூடிதான் நடைபாதை. அதிலும் அங்கங்கே மூடி உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சாலையில் இறங்கி நடந்தால் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும். மருந்துக்கடை எதிர்ச்சாரியில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, நடுவில் மீடியன், போதாததற்கு மெட்ரோ வேலைக்கு அடித்த தகரத் தடுப்பு. கடக்க இடம் தேடிப் போய்த் திரும்பி வருவதற்குள் கால் ஓய்ந்துவிடும். கடைசியில் மருமகன் ஆபீஸ் விட்டு வரும்வரை காத்திருந்து, அவர் காரில் போய் வாங்கி வருவார். சொந்தக் காலில் மருந்துக்கடைக்குப் போக முடியாத இடத்தை நடக்க வசதியான வீடு என்று எழுத எப்படி மனம் வந்தது?

வளாகங்கள் கட்டப்படும் விதமே அப்படி. ஏக்கர் கணக்கில் இடத்தை வளைத்து, சுற்றிலும் மதில் எழுப்பி, ஒரே ஒரு கேட் வைக்கிறார்கள். பின்னால் இருக்கும் தெரு மதிலுக்கு மதில் ஒட்டி இருந்தாலும், நடந்து போக முழு வளாகத்தையும் சுற்ற வேண்டும். பத்து வயதுப் பேத்தி ஒரு பென்சில் வாங்கத் தனியாகப் போக முடியாது. கறிவேப்பிலைக்கு செல்போனில் ஆர்டர்.

மகளை நான் குறை சொல்லவில்லை. மேற்கு மாம்பலத்தில் எங்களுக்குப் பக்கத்திலேயே வாங்கத்தான் ஆசைப்பட்டாள். விலையைக் கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் வந்துவிட்டோம்.

எங்கள் பேட்டையைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2021 நவம்பர் வெள்ளத்திலும் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆரிய கவுடா சாலைக்குப் பத்து நிமிஷம் நடந்தால் காய்கறி, பூ, டெய்லர், அயோத்யா மண்டபத்தில் ஒரு கச்சேரி, எல்லாம் முடித்துக்கொண்டு வீடு வரலாம். குறுக்குச் சந்து உண்டு, கீழ்த்தளத்தில் கடையும் மேலே வீடும் உண்டு, இருட்டினாலும் தெருவில் ஆள் நடமாட்டம் உண்டு. நெரிசல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்களே, அந்த நெரிசல்தான் என் போன்ற கிழவிகளுக்குத் துணை.

அதுவும் இப்போது கெடுகிறது, அதைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை. பழைய வீட்டை இடித்துக் கட்டும் ஒவ்வொரு அடுக்குமாடியும் கார் ஏற ஒரு சரிவை நடைபாதை மேலேயே போடுகிறது. அப்புறம் மின்வாரியப் பெட்டி, அதை ஒட்டி நிறுத்திய பைக்குகள். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்கு 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறந்தபோது பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். நானும் அதில் போகிறேன், உபயோகமாகத்தான் இருக்கிறது. இறங்கி வீட்டுக்கு நடக்கும் தெருவை யார் படம் எடுப்பார்கள்?

நடைபாதையில் நடக்க 1.8 மீட்டராவது தடையில்லாத அகலம் வேண்டும் என்று, சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012 வழிகாட்டி சொல்கிறது. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்குவோம் என்று 2014-ல் சென்னை மாநகராட்சி கொள்கையே வகுத்தது. நடைபாதை மக்களின் உரிமை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாவலூர் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே வராது, ஊராட்சி. அங்கே ஆயிரக்கணக்கில் வீடு விற்க முழுப்பக்க விளம்பரம் வாங்கும் நீங்கள், அந்தச் சாலையில் நடைபாதை எங்கே என்று ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

சரி, என் கோரிக்கை சின்னதுதான். உங்கள் இணைப்பில் எந்தக் குடியிருப்பைப் பற்றி எழுதினாலும், கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்பும் மருந்துக்கடையும் பள்ளிக்கூடமும் நடந்து போக எத்தனை மீட்டர், வழியில் நடைபாதை உண்டா, சாலையைக் கடக்க இடம் உண்டா என்று போடுங்கள். பில்டர் சொல்லும் 'ஐந்தே நிமிடம்' காரிலா காலிலா என்பதையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் நிருபர் ஒரு சாயங்காலம் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தால் போதும்.

போன முறை மழைநீர்க் கால்வாய் மூடி பற்றி நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாக்கி, தெருப் பெயரையும் எடுத்துவிட்டீர்கள். இதையும் சுருக்குவதானால் என் புலம்பலை வெட்டிக்கொள்ளுங்கள், மேலே கேட்டதை மட்டும் முழுசாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை.