சரசுவுக்கு, மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து

அன்புள்ள சரசு,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சுகம்தானே. நீ அனுப்புன நீளமான மெசேஜ போன வாரம் ராத்திரியே படிச்சிட்டேன், உடனே பதில் போடல, கோவிச்சுக்காதே. போன்ல ரெண்டு வரி தட்டி அனுப்புற விஷயமா இது. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, காலையில இருந்து மழை விடல, பாசாருக்கு கூட போகல, அதான் உக்காந்து எழுதுறேன்.

இங்க புதுசா ஒண்ணும் இல்ல. நம்ம பழைய தோட்டத்துப் பக்கம் போன மாசம் மோட்டார்ல போனேன். லயத்து வீடுங்க இருந்த எடமே தெரியல, சுத்தியும் செம்பனை. நீயும் நானும் ரப்பர் பால் வாளி தூக்கிக்கிட்டு அம்மா பின்னால நடந்த மேட்டுல இப்ப ஒரு கித்தா மரம் கூட கெடையாது. கோயில் மட்டும் நிக்குது, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை டவுன்ல இருந்து யாராவது வந்து வெளக்கு வைக்கிறாங்களாம். உங்க வீட்டுக்குப் பின்னால இருந்த ரம்புத்தான் மரம் போச்சு. தேடிப் பாத்தேன், இல்ல.

சரி, உன் விஷயத்துக்கு வர்றேன். உன் ஆபீஸ்ல அந்தப் பொண்ணு காலையில வந்து உக்காந்ததுல இருந்து சாயந்தரம் வரைக்கும் ஜீசஸ் பாட்டு போடுறா, உனக்கு தலைய வலிக்குது, பொறுத்துப் பொறுத்துப் பாத்து கடைசியில நீயும் உன் போன்ல முருகன் பாட்ட அதவிட சத்தமா வச்சிட்ட, இப்ப ரெண்டு பேரும் முகம் பாத்து பேசுறதில்லன்னு எழுதியிருந்த. படிக்கப் படிக்க எனக்கு வயித்தப் பிசைஞ்சுச்சு சரசு. ஏன்னா எங்க ஆபீஸ்ல பாட்டு போட்டுக்கிட்டு இருந்தது நான்தான். இத உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல.

அம்மா போனதுக்கு அப்புறம் வீட்ல காலையில அந்த சத்தம் இல்லாமப் போச்சு. உனக்குத்தான் தெரியுமே, அம்மாவுக்கு விடிகாலையில ரேடியோ இல்லன்னா நாளே ஆரம்பிக்காது. அப்ப ரேடியோ 6னு சொல்லுவோம், இப்ப மின்னல் எஃப்எம், அதுல சாமி பாட்டு போடுறப்ப அம்மா அடுப்ப கொறச்சு வச்சிட்டு அப்பிடியே நிப்பாங்க. அம்மா இல்லாம என்னால வீட்ல அத கேக்க முடியல, அழுக வந்துரும். அதனால ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி ஆபீஸ்ல மேசை மேல வச்சிட்டேன். நாலு பேர் சுத்தி இருந்தா அழ மாட்டேன்ல. காலையில 8 மணிக்குப் போட்டா பசியாறப் போற வரைக்கும் ஓடும், அப்புறம் மத்தியானம் வரைக்கும், அப்புறம் கேக்க ஆள் இல்லாம நாள் முழுக்க ஆயிடுச்சு.

எங்க செம்பனை எண்ணெய் மில்லு ஆபீஸ் பெருசு இல்ல. நான், கணக்கு பாக்குற மலாய்க்கார அக்கா (கக்காக்னு கூப்பிடுவோம்), பெரும்பாலும் மில்லுக்குள்ளயே இருக்குற சீன சூப்பர்வைசர், அப்புறம் லாரி டிக்கெட் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற ஒரு சின்னப் பொண்ணு, டவுன்ல இருந்து வருது, சர்ச்சுக்குப் போற குடும்பம். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லலன்னா புடிச்சிருக்குன்னுதான நெனப்போம். நான் இன்னும் ஒரு படி மேல போய் எல்லாருக்கும் நல்லது பண்றேன்னே நெனச்சுக்கிட்டேன்.

நம்ம வளந்த விதமும் ஒரு காரணம்னு இப்ப யோசிக்கிறேன். ஆடி மாசம் வந்தா தென்ன மரத்துல கொழா ஸ்பீக்கர கட்டிருவாங்க, காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு முன்னாலயே பாட்டு ஆரம்பிச்சிரும், தீமிதி முடியிற வரைக்கும் லயம் முழுக்க அதுதான். புள்ள தூங்குதா, யாருக்காவது காச்சலா, யாரும் கேட்டதில்ல. கிறிஸ்மஸ் வந்தா அதே ஸ்பீக்கர்காரர் அந்தோணியார் கோயில் பக்கம் கட்டுவாரு, அப்பயும் நம்ம அம்மாங்க முணுமுணுக்கல. சத்தம்னா அது எல்லாருக்கும் பொதுன்னு நமக்குப் பழகிருச்சு. ஆனா அது வருஷத்துல பத்து நாள் சரசு, அதுவும் தோட்டமே சேந்து எடுத்த திருவிழா, முடிஞ்சா ஸ்பீக்கர கழட்டிருவாங்க. நான் ஆபீஸ்ல கழட்டவே இல்லையே.

ஒரு நாள் இடி விழுந்து, லாரிய எடை போடுற திம்பாங் கொட்டகையில கம்ப்யூட்டர் போயிருச்சு. செம்பனைக் குலை அதிகமா வர்ற சீசன், வெளிய லாரி வரிசையா நிக்குது. குலைய வெட்டுனா சீக்கிரம் அவிச்சாகணும், கெடந்தா எண்ணெய்ல ஆசிட் ஏறிரும், அதனால லாரிய நிறுத்தி வைக்கவும் முடியாது. திம்பாங்ல இருக்குற ஆள் வாக்கிடாக்கில எடைய சொல்லச் சொல்ல இந்தப் பொண்ணு எழுதிக்கிட்டு இருந்துச்சு. அவன் மலாய்ல லீமா பெலாஸ்னு சொன்னது இதுக்கு தீகா பெலாஸ்னு கேட்டிருக்கு. 15 டன், 13 டன் ஆயிடுச்சு. மூணு நாள் கழிச்சு அந்த சின்னத் தோட்டக்காரர் சீட்ட எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு, வயசானவரு, ரெண்டு டன் காசுன்னா அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம். திருத்திக் கொடுத்துட்டோம், அதுல பிரச்சினை இல்ல. ஆனா மேல இருந்து அந்தப் பொண்ணுக்கு நல்லா ஏச்சு விழுந்துச்சு, நாலு பேர் முன்னால. அது தலைய குனிஞ்சு சாரின்னு மட்டும் சொல்லிச்சு. பாட்டு ஓடுனதால கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லல. அன்னிக்கி பாட்டு எவ்வளவு சத்தமா ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும்.

அன்னிலேர்ந்துதான் கவனிக்க ஆரம்பிச்சேன். அது பசியாற திம்பாங் கொட்டகைக்குப் போயிடுது, வெயில்ல, லாரி புகையில. முன்ன ஆபீஸ்லயே எங்களோட உக்காந்து சாப்பிட்ட புள்ள.

கக்காக்கிட்ட தனியா கேட்டேன், உங்களுக்கும் தொந்தரவா இருந்துச்சான்னு. அவங்க நோன்பு மாசத்துல குர்ஆன் ஓதுறத ஒரு காதுல மட்டும் இயர்போன் மாட்டி கேப்பாங்க, அதுவும் வேல இல்லாத நேரத்துல. ஏன் நீங்க ஸ்பீக்கர்ல போடுறதில்லன்னு கேட்டேன். நானா இருந்தா மத்தவங்களுக்கு எடஞ்சல்னு சொல்லியிருப்பேன், அவங்க வேற சொன்னாங்க. ஓதுற சத்தம் கேட்டா பேச்ச நிறுத்திட்டு கவனமா கேக்கணும்னு குர்ஆன்லயே இருக்காம். இங்க எல்லாரும் பில் அடிச்சுக்கிட்டு, லாரிக்காரன்கிட்ட கத்திக்கிட்டு, வம்பு பேசிக்கிட்டு இருக்கோம், பின்னால அது ஓடிக்கிட்டு இருந்தா எனக்குத்தான் பாவம்னாங்க. என்னைய ஒண்ணும் குத்திக் காட்டல, அவங்க பாட்டுக்கு அவங்க வழக்கத்த சொன்னாங்க. ஆனா எனக்கு அம்மா அடுப்ப கொறச்சு வச்சிட்டு நின்னது ஞாபகம் வந்துருச்சு. அம்மாவும் அததான பண்ணாங்க. நான் ஒரு நாளாவது நின்னு கேட்டேனா, கால்குலேட்டர தட்டிக்கிட்டே, யாரையாவது ஏசிக்கிட்டே, முருகா முருகான்னு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மறுநாள் அந்தப் பொண்ண கூப்பிட்டு மன்னிப்பு கேட்டேன். மொதல்ல ஐயோ இல்லக்கா பரவால்லக்கான்னு சொல்லிச்சு, அப்புறம் மெதுவா ஒண்ணு சொல்லிச்சு, அத என்னால மறக்கவே முடியல. அந்தப் பாட்டெல்லாம் அதுக்கு மனப்பாடம் ஆயிடுச்சாம், ஒரு நாள் வீட்ல தட்டு கழுவுறப்ப அறியாமலே வாய்ல வந்துருச்சாம். அவங்க அம்மா ஒண்ணும் சொல்லாம அதோட முகத்தையே பாத்தாங்களாம். அந்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எப்பவும் முன்னால உக்காருற அம்மா பின்னால வந்து இது பக்கத்துலயே உக்காந்துக்கிட்டாங்களாம். பாட்டு நல்லாத்தான்க்கா இருக்கு, ஆனா எங்கம்மா பயந்துட்டாங்கன்னு சொல்லிச்சு. ஒரு தாய்க்கு அந்தப் பயம் வர நான் காரணமாயிட்டேனே சரசு. நம்ம புள்ள வாய்ல வேற மதத்துப் பாட்டு வந்தா நம்ம மட்டும் சும்மா இருப்போமா.

சட்டம் ஏதாவது இருக்கான்னு கேட்டிருந்த. எங்க மில்லுக்கு வர்ற சேஃப்டி ஆபீசர்கிட்ட நானும் கேட்டுப் பாத்தேன். சத்தத்துக்குன்னு 2019ல வந்த விதிமுறை இருக்கு, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்தான் வரம்பு, 82ஐ தாண்டுனாலே அதிக சத்தம்னு கணக்கு, கம்பெனி அத கவனிக்கணும். எங்க பாய்லர், எஞ்சின் ரூம் ஆளுங்களுக்கு காதுக்கு மாட்டி விடுறதும் காது டெஸ்ட் எடுக்குறதும் அதுக்குத்தான். ஆனா ஒரு போன்ல ஓடுற பாட்டு அந்த அளவுக்கு வராது, அது காது கெடாம இருக்கப் போட்ட சட்டம், மனசு சங்கடப்படுறதுக்கு இல்ல. வேலை சட்டத்துல 2023 ஜனவரி 1லேர்ந்து 69எஃப்னு ஒரு பிரிவு இருக்கு, பாகுபாடு பத்தி லேபர் ஆபீஸ்ல புகார் கொடுக்கலாம், அதுவும் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவுல உள்ளதுக்குத்தான். உன் முதலாளி அவ பாட்டுக்கு மட்டும் சரின்னு சொல்லி உன்னுத நிறுத்தச் சொன்னா அது வேற கத. பக்கத்து மேசைக்காரி பாட்டு போடுறதுக்கு அங்க போய் நிக்க முடியாதுன்னுதான் எனக்குப் படுது. அரசியலமைப்புல 11வது பிரிவு அவங்கவங்க மதத்த பின்பத்த உரிமை கொடுக்குது, அது அவளுக்கும் இருக்கு உனக்கும் இருக்கு, அத வச்சு ஸ்பீக்கர் சத்தத்த எவ்வளவு வைக்கிறதுன்னு பாக்க முடியாது. நம்ம ஸ்கூல்ல சபை கூடல்ல வெயில்ல நின்னு ருக்குன் நெகாரா, நாட்டுக் கோட்பாடு, சொல்லுவோமே, மொதல்ல இறைவன் மீது நம்பிக்கை வைத்தல், கடைசியா நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல். சின்னதுல கடைசி வரி வந்தா கிளாஸுக்குப் போகலாம்னு அவசரமா கத்துவோம். ரெண்டும் ஒரே பட்டியல்ல இருக்குறது இப்பதான் கண்ணுல படுது.

அதனால நீயே பேசு சரசு. அவ தனியா இருக்குறப்ப பேசு, மேனேஜர்கிட்ட மொதல்ல போகாத, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாத. மதத்த இழுக்காத. ஜீசஸ் பாட்டு புடிக்கலன்னு வாய்ல வந்துட்டா முடிஞ்சுச்சு, அதுக்கப்புறம் அவ அவ சாமிக்காக நிக்கிறதா நெனச்சுக்குவா, நானா இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பேன். எனக்கு பாட்டு ஓடுனா கணக்கு ஓடல, கஸ்டமர் போன்ல பேசுறது கேக்கல, கொஞ்சம் இயர்போன்ல கேக்குறியாம்மா, அவ்வளவுதான் சொல்லணும். ரெண்டு காதுலயும் மாட்டச் சொல்லாத, உங்க கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓடுதுன்னு சொன்னல்ல, ஒரு காது திறந்து இருக்கணும். அதுக்கு முன்னால உன் பாட்ட நிறுத்து. நிறுத்திட்டு, நான் பதிலுக்கு போட்டது தப்புன்னு மொதல்ல நீ சொல்லு. கஷ்டமாத்தான் இருக்கும், தெரியும். ஆனா முருகன ஒருத்திய அடக்குறதுக்கு கூப்பிட்டியே, அது எனக்கு உன் தலைவலிய விட பெரிய வருத்தமா இருக்கு. உன்கிட்ட இத சொல்ல வேற யாரு இருக்கா.

இன்னொண்ணு, அவ ஏன் போடுறான்னு கேட்டுப் பாரு. எனக்கு அம்மா இருந்தாங்க பின்னால. அவளுக்கு என்ன இருக்கோ. என்கிட்ட யாராவது ஏன்க்கா நாள் முழுக்க இதயே போடுறன்னு ஒரு தடவ கேட்டிருந்தா அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன், ஸ்பீக்கரும் தேவைப்பட்டிருக்காது. அவ ஒத்துக்கலன்னா, அப்ப மேனேஜர்கிட்ட போ, ஆனா அவ மேல புகாரா போகாத, ஆபீஸ்ல யாரும் ஸ்பீக்கர்ல எதையும் போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு வழக்கம் வைக்கச் சொல்லு. சினிமாப் பாட்டுக்கும் சேத்துத்தான்.

இப்ப எங்க ஆபீஸ்ல ஸ்பீக்கர் இல்ல. மொத வாரம் மில்லு சத்தம் மட்டும் கேட்டு எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, ஸ்டீம் விடுற சத்தம் கூட அன்னிக்கித்தான் புதுசா கேக்குற மாதிரி. அந்தப் பொண்ணு திரும்ப உள்ள உக்காந்து பசியாறுது, போன வாரம் அவங்க அம்மா செஞ்ச புட்டு எனக்கும் ஒரு டப்பாவுல வந்துச்சு. ஸ்பீக்கர வீட்டுக்கே கொண்டு வந்துட்டேன். காலையில அஞ்சரைக்கு ஒரே ஒரு பாட்டு போட்டு அம்மா படத்துக்கு முன்னால நிக்கிறேன். அழுக வருது, வரட்டும், வீடுதானே.

தைப்பூசத்துக்கு வர்றியா? ஈப்போ கல்லுமலைக்கு இந்தத் தடவ பால்குடம் எடுக்கலாம்னு இருக்கேன், அம்மா வேண்டிக்கிட்டது பாக்கி இருக்கு. நீ வந்தா முந்தின நாளே வந்து எங்க வீட்ல படுத்துக்கோ, விடியறதுக்கு முன்னால கெளம்பிருவோம். அவகிட்ட பேசுனியா என்ன சொன்னான்னு அன்னிக்கே போன் பண்ணு, ராத்திரி எத்தன மணியானாலும் எடுப்பேன்.

மழை விட்டுருச்சு. துணி காயப் போடணும்.

உன்
ராணி